மலையைக் காட்டிய மேப்

ஒரு ஏஜென்சியில நாலு வண்டி ஓடுது. டீசல் விலை தாறுமாறா ஏறிப் போச்சு, ஒரு வண்டிய நிறுத்தணும். எந்த வண்டின்னு முடிவு பண்ண மனுசனுக்கு என்ன வேணும்? ரெண்டு டீ, கொஞ்ச நேரம் பேச்சு, அம்புட்டுத்தான். உத்தமபாளையம் அப்துல் காதர் முதலாளி காலம் பூரா அப்படித்தான் முடிவு எடுத்துக்கிட்டு வந்தாக. ஆனா 2008-ல அவுக மகன் நவாஸ் கோயமுத்தூர்ல எம்.பி.ஏ. முடிச்சுட்டு வந்து இறங்கினான். சும்மா இறங்கினானா? மதுரையில ஒரு கம்பெனிக்காரன்கிட்ட சாஃப்ட்வேர் ஒண்ணையும் வாங்கிட்டு வந்து இறங்கினான். அதுக்குப் பேரு பிசினஸ் இன்டெலிஜென்ஸாம். போட்ட பில்லை எல்லாம் உள்ள தள்ளினா, எங்கன லாபம், எங்கன நட்டம்னு படம் படமாக் காட்டுமாம்.

"எல்லாம் இருக்கு, மேப் மட்டும் இல்ல. அதை நாமளே ஒண்ணு பாத்து இதோட இணைச்சுக்கணும். மேப்ல பாத்தாத்தான் எந்த வண்டி போற லைன நிறுத்துறதுன்னு பளிச்சுனு தெரியும்"னு சொன்னான் நவாஸ்.

பாக்குற வேலை சுமையாங்கிற பொண்ணு தலையில விழுந்துச்சு. சுமையா அந்த ஏஜென்சியில பில் போடுறவ. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படிச்சவ, கம்பத்துப் பொண்ணு. சோப்பு, பிஸ்கட்டு, ஷாம்புன்னு எந்தப் பெட்டி வெளிய போனாலும் அவ தட்டுற பில் இல்லாம குடோன் கதவைத் தாண்டாது. அவ புருசன் நசீமும் அங்கனதான் வேலை பாத்தான். நாலு லைன்ல ஒரு லைன் அவனோடது. சின்னமனூர்ல கடைகளுக்குச் சரக்குப் போட்டுட்டு, அப்படியே மேகமலைக்கு ஏறணும். போடி, கம்பம், கூடலூர் லைன்களுக்குக் குட்டியானை வண்டி. நசீமுக்கு மட்டும் ஜீப்பு. அந்தப் பாதையில குட்டியானை ஏறினா திரும்பி வராது.

ஆக, நிறுத்தப் போற லைன் எதுன்னு காட்டுற மேப்பை, அந்த நாலுல ஒரு லைனை ஓட்டுறவனோட பொண்டாட்டியே தேர்ந்தெடுக்கணும். இதை நவாஸ் யோசிக்கல. முதலாளியும் யோசிக்கல. சுமையா யோசிச்சா, ஆனா பயப்படல. நம்ம மச்சான் மாதிரி நாய்ப்பாடு படுறவன் இந்த ஏஜென்சியில எவன் இருக்கான்னு ஒரு நெனப்பு. அந்த நெனப்புதான் குடியைக் கெடுத்துச்சு.

மூணு மேப் பாத்தா. மொத மேப் ரொம்ப சல்லிசு. தபால் ஆபீஸ் எல்லையை வச்சு வட்டாரம் வட்டாரமாக் கலர் அடிச்சுக் காட்டும். லாபம்னா பச்சை, நட்டம்னா சிவப்பு. மலைக்குன்னு அதுல தனி எல்லை கெடையாது. சின்னமனூர்க் கலரே மேல மலை வரைக்கும் ஏறிப் படுத்துக்கிடும். பில்லை உள்ள தள்ளிப் பாத்தா, சின்னமனூர் வட்டாரம் பூராப் பச்சைப் பசேல்னு வந்து நின்னுச்சு.

ரெண்டாவது, இன்டர்நெட்ல ஓடுற மேப். மேல இருந்து எடுத்த நெசப் படம். காடு, ஆறு, ரோடு எல்லாம் தெரியும். தெரியும்னா, நெட் இருந்தாத் தெரியும். உத்தமபாளையத்துல நெட்டு எப்ப வரும், எப்ப போகும்னு யாருக்குத் தெரியும்? ஒரு நாள் வந்தப்ப மேகமலையைத் தேடிப் பாத்தா. படம் பூரா ஒரே மேகம். பேரு வச்சவுக பொய் சொல்லலன்னு சிரிச்சுட்டு அதை மூடி வச்சுட்டா.

மூணாவது, பெங்களூர்க்காரன் விக்கிற மேப். விலை ஜாஸ்தி. ஆனா ஒவ்வொரு கடையையும் தனித்தனிப் புள்ளியா வைக்கலாம். வண்டி போற பாதை, அதுக்கு ஆகுற டீசல் எல்லாத்தையும் அந்தந்தப் புள்ளிக்கே பங்கு பிரிச்சுக் கணக்குச் சொல்லும். இணைக்கிறதும் லேசு.

நவாஸுக்கு மொத மேப்பே போதும்னு இருந்துச்சு. பச்சையப் பாத்துட்டு, "அடேங்கப்பா, சின்னமனூர் இம்புட்டு ஓடுதா? எல்லாம் சீனிச்சாமி அண்ணன் கடை பில்லுதான் போல. அந்த மனுசனுக்கு ஒரு சிலையே வைக்கலாம்க்கா"ன்னான்.

சுமையாவுக்கு அதைக் கேக்கப் பொறுக்கல.

ஏன்னா சங்கதி வேற. மேகமலையில எஸ்டேட் குடியிருப்பை ஒட்டி இருக்கிற கடைகளுக்கு வரி நம்பர் கெடையாது. நம்பர் இல்லாத கடைக்குப் பில் போட்டா ஆடிட்டர் குதிப்பாரு. அதனால மலைக்குப் போற சரக்குக்கெல்லாம் சின்னமனூர் சீனிச்சாமி கடை பேர்லதான் பில் போடுறது. இது ரொம்ப நாளா நடக்குற ஏற்பாடு. முதலாளிக்கு அரசல்புரசலாத் தெரியும். எம்புட்டுன்னு தெரியாது. சீனிச்சாமி ஃபேனுக்குக் கீழ உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டு இருப்பாரு. பில்லு அவரு பேர்ல ஏறும். அதிகமாச் சரக்கு எடுத்த கடைன்னு சோப்புக் கம்பெனிக்காரன் அவருக்கு ஃப்ரிட்ஜ் குடுத்தான், ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போனான். மழையில நனைஞ்சு, ரோட்டுல உருண்டு கெடக்குற கல்லைத் தள்ளிவிட்டு, முதுகு ஒடியப் பெட்டி எறக்குறவன் நசீமு. அவனுக்கு ஒரு டம்ளர் கூட எவனும் குடுக்கல.

வீட்டுக்குப் போய்ப் பொரிஞ்சு தள்ளினா. நசீம் சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தான்.

"இப்ப என்ன? நம்ம ஏரியா பச்சையில இருக்குல்ல. விடு புள்ள."

"அது உங்க பச்சை இல்ல மச்சான். சீனிச்சாமி அண்ணன் பச்சை."

"யாரு பச்சையா இருந்தா என்ன, ஜீப்பு ஓடுதுல்ல?"

"நீங்க மலை ஏறுறது யாருக்காச்சும் தெரியுதா? நாளைக்கே நவாஸ் தம்பி மேப்பைப் பாத்துட்டு, சின்னமனூர் கீழதான இருக்கு, ஜீப்பு எதுக்கு, குட்டியானை போதும்னு சொன்னா என்ன செய்வீக? மேல கடை இருக்குன்னு காட்டணும் மச்சான். கண்ணுல பட்டாத்தான மதிப்பு?"

"உனக்குத் தெரியாததா புள்ள"ன்னுட்டு நசீம் கை கழுவ எந்திரிச்சான். அவன் எப்பவுமே பொண்டாட்டி படிப்புக்கு ஒரு மரியாதை வச்சிருந்தான். அந்த மரியாதைக்கு அன்னைக்குக் கொஞ்சம் லீவு விட்டிருக்கலாம், பாவி.

மூணாவது மேப்புதான் சரின்னு நவாஸ்கிட்ட எழுதிக் குடுத்தா. காரணமும் எழுதினா. கடை எங்கன இருக்கோ அங்கனயே காட்டும், செலவு எங்கன ஆகுதோ அங்கனயே காட்டும்னு. பய அசந்துட்டான். "அக்கா, நீங்க எம்.பி.ஏ. படிச்சிருக்கணும்க்கா"ன்னான். அவளுக்கும் உச்சி குளுந்து போச்சு.

மேகமலைக் கடைகளைப் புள்ளி வைக்கணும்னா அது எங்கன இருக்குன்னு அளந்து வரணும். மேப் வித்தவன் கையில புடிக்கிற ஜி.பி.எஸ். கருவி ஒண்ணு அனுப்பியிருந்தான். அதைத் தூக்கிக்கிட்டு ஒரு நாள் புருசன் ஜீப்புல முன் சீட்டுல ஏறி உக்காந்தா. கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவன் வேலை செய்யுற பாதையை அன்னைக்குத்தான் பாக்குறா.

ரோடா அது? சின்னமனூர் தாண்டிக் கொஞ்ச தூரத்துல தார் காணாமப் போச்சு. அப்புறம் கல்லு, பள்ளம், பள்ளத்துக்குள்ள ஒரு பள்ளம். ஒவ்வொரு வளைவுலயும் அவ "யா அல்லா"ன்னு கத்த, அவன் சிரிச்சுக்கிட்டே ஒரு கையால ஸ்டியரிங்கையும் இன்னொரு கையால பின்னாடி சாஞ்சுக்கிட்டு வர்ற பெட்டியையும் புடிச்சுக்கிட்டான். ஜீப்பு எங்கன திணறும், எங்கன மூச்சு விடும், எந்த வளைவுல ஹாரன் அடிக்கணும்னு அவனுக்கு மனப்பாடம். வீட்டுல பேசவே மாட்டான், அன்னைக்கு வாய் ஓயல. "அந்தா பாரு, அங்கன ஆனை நிக்கும். இந்தா, இங்கனதான் போன மழையில ரெண்டு மணி நேரம் மாட்டிக்கிட்டேன்." புருசன் இம்புட்டு சந்தோசமா இருந்து அவ பாத்ததே இல்ல. இதை எவன் புடுங்கினாலும் இவன் செத்துருவான்னு அவளுக்கு அப்பத் தோணுச்சு. அதனாலயே இன்னும் வைராக்கியமாக் கருவியைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தா.

எஸ்டேட்டுல அன்னத்தாய் கடைதான் பெருசு. பெருசுன்னா, தகரம் போட்ட ஒரு ரூம்பு, வெளிய ஒரு அடுப்பு. தேயிலை பறிச்சுட்டு வர்ற பொம்பளைங்க கூடையோட வந்து நின்னு டீயும் குடிச்சு சோப்பும் வாங்கிட்டுப் போவாக. அன்னத்தாய்க்குப் புருசன் இல்ல. அந்தக் கடையை வச்சுத்தான் மகளை நர்ஸ் படிப்புக்கு அனுப்பிக்கிட்டு இருந்தா.

"ஏலே நசீமு, இதுதான் உம் பொண்டாட்டியா? இம்புட்டு நாளா எங்கன ஒளிச்சு வச்சிருந்த?"

"ஒளிக்கல அக்கா, அவதான் ஏசி ரூம்புல ஒளிஞ்சுக்கிட்டா."

"ஆத்தா, இது என்ன கையில? செல்போனா?"

சுமையா சொன்னா, உங்க கடையைக் கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறேன், முதலாளி பாத்தா இந்தா இங்கன அன்னத்தாய் கடைன்னு தெரியும்னு. அன்னத்தாய்க்கு மொகம் மலர்ந்து போச்சு. ஓடிப் போய் மொகத்தைக் கழுவி, பவுடர் அடிச்சுக்கிட்டு வந்து கடை முன்னாடி நிமுந்து நின்னா. அது போட்டோ புடிக்கிற கருவி இல்லன்னு சொல்ல சுமையாவுக்கு மனசு வரல. பட்டனை அமுக்கிட்டு, "நல்லா விழுந்துருக்கு அக்கா"ன்னா.

டீக்குக் காசு வாங்க மாட்டேன்னுட்டா அன்னத்தாய். மத்தக் கடைகளையும் குறிச்சுக்கிட்டு இறங்கி வந்தாக. எந்தக் கடை எந்தச் சரக்கு எம்புட்டு எடுக்கும்னு நசீம் வாயாலயே சொல்லச் சொல்ல, சுமையா சீனிச்சாமி பேர்ல இருந்ததை எல்லாம் பிரிச்சு அந்தந்தப் புள்ளியில ஏத்தினா. மேப் தயாராச்சு.

முதலாளி ரூம்புல முதலாளி, நவாஸ், சுமையா மூணு பேருதான். கம்ப்யூட்டரைத் திருப்பி வச்சா. சின்னமனூர்ல இருந்து கோடு கெளம்பி நெளிஞ்சு நெளிஞ்சு மேல ஏறுது. மேல கடை கடையாப் புள்ளி.

அப்துல் காதர் முதலாளி கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் கிட்ட வந்தாக. "யா அல்லா! மேல இம்புட்டுக் கடையா? நான் ஒண்ணு ரெண்டு இருக்கும்னுல்ல நெனச்சேன். நசீமு சொல்லவே இல்லையேம்மா!"

"சொல்ற பழக்கம் அவுகளுக்கு இல்ல முதலாளி"ன்னா சுமையா. இம்புட்டு வருசம் யாரும் பாக்காத ஒண்ணை ஒரு மனுசனாச்சும் பாத்துட்டாக. அந்த நிமிசம் அவளுக்கு அது போதும்னு இருந்துச்சு.

"இப்ப செலவைச் சேத்துப் பாப்போம்"னு சொல்லி நவாஸ் மவுஸைத் தட்டினான்.

மலை பூராச் செவந்து போச்சு. ஒரு புள்ளி கூட மிச்சமில்ல. அன்னத்தாய் கடைதான் ரத்தச் செவப்பு. ஆகக் கடைசியில இருக்கிறது அதானே, டீசல் பங்கு அதுக்குத்தான் அதிகம்.

"ஒரு பெட்டி பிஸ்கட்டை மேல ஏத்துறதுக்குள்ள அந்தப் பெட்டியில வர்ற லாபத்தை ஜீப்பே குடிச்சுருதேம்மா"ன்னாக முதலாளி. கோவமாச் சொல்லல. வருத்தமாத்தான் சொன்னாக. "சீனிச்சாமி கணக்குல கலந்து கெடந்ததால நம்ம கண்ணுல படாமலே போயிருச்சு."

சுமையா பதறிப் பதறிப் பேசினா. "அந்த வியாபாரம் பூராப் போயிருமே முதலாளி! மலைச் சனம் எல்லாம் நம்ம சரக்குத்தான வாங்குது?"

"எங்கயும் போகாதுக்கா"ன்னான் நவாஸ். "மலைச் சனம் சோப்புப் போடாம இருக்குமா? பஸ்ஸைப் புடிச்சு இறங்கி வந்து சீனிச்சாமி அண்ணன் கடையில வாங்கிட்டுப் போகும். அதே சரக்கு, அதே பில்லு. சின்னமனூர்ச் சரக்கைப் போடி வண்டியே போற வழியில இறக்கிரும். ஜீப்புச் செலவு மட்டும் மிச்சம்."

அவன் சொன்னதுல ஒரு தப்புக் கூட இல்ல. அதுதான் கொடுமை. தப்பா இருந்தாச் சண்டை போட்டிருப்பா. அவளே தேடி, அவளே இணைச்சு, அவளே சரி பாத்த கணக்கு. அதை எப்படித் தப்புன்னு சொல்லுவா?

வெக்கத்தை விட்டுட்டு ஒண்ணு கேட்டா. "தம்பி, அந்த மொத மேப்பையே வச்சுக்கிடலாமா? இது விலையும் ஜாஸ்தி..."

நவாஸ் சிரிச்சுட்டான். "பாத்ததைப் பாக்காத மாதிரி ஆக்க முடியுமாக்கா? இம்புட்டு நல்ல மேப்பைச் செலக்ட் பண்ணிட்டு நீங்களே வேண்டாங்குறீகளே!"

முதலாளி கெட்ட மனுசர் இல்ல. எந்திரிச்சுப் போகையில, "நசீமு நல்ல புள்ளம்மா. ஆனா மத்த மூணு வண்டிக்கும் ஆளு இருக்கு. யாரை எறக்கிவிட்டுட்டு இவனை ஏத்துவேன், நீயே சொல்லு"ன்னு கேட்டாக. அவளால சொல்ல முடியுமா? கூடலூர் லைன் சுருளியாண்டிக்கு மூணு பொம்பளைப் புள்ளைங்க. போடி லைன் வீரபாண்டிக்குத் தாயும் தகப்பனும் படுத்த படுக்கை. தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

அந்த மாசத்தோட ஜீப்பைக் குமுளிக்காரன் ஒருத்தனுக்கு வித்துட்டாக. குமுளிக்காரன் சாவியைக் கேட்டப்ப நசீம் சட்டைப் பையில, பேன்ட் பையில எல்லாம் தேடினான். சாவி அவன் கையிலதான் இருந்துச்சு.

ஆபீஸ்ல சுமையாவுக்குச் சம்பளம் கூட்டிக் குடுத்தாக. அதுவரைக்கும் "ஏத்தா சுமையா, பில்லை சுருக்கா போடு"ன்னு சத்தம் போட்டுக்கிட்டு வந்த சுருளியாண்டி, இப்ப வாசல்லயே செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு "மேடம்"ங்க ஆரம்பிச்சான். ஒரு நாள் கூடலூர்ல இருந்து பை நிறைய திராட்சை கொண்டாந்து மேசையில வச்சான். எதுக்குன்னு கேட்டா, "சும்மாத்தான் மேடம். நம்ம லைனு எப்படி இருக்கு?"ன்னு மேப்பை ஓரக்கண்ணால பாத்தான். அன்னைக்கு அவ கக்கூஸ்ல போய் நின்னு வாயைப் பொத்திக்கிட்டு அழுதா.

நசீம் வேலை தேடி அலைஞ்சான். தேனியில கேட்டான், கம்பத்துல கேட்டான். டீசல் விலையில எல்லாரும் வண்டியைக் குறைக்கிறாக, டிரைவரைச் சேக்குற ஆளைக் காணோம். கடைசியில வேலை குடுத்தது யாரு தெரியுமா? சீனிச்சாமி. மலைச் சனமெல்லாம் இறங்கி அவரு கடைக்கு வர ஆரம்பிச்சுருச்சுல்ல, மூட்டை தூக்க ஆளு பத்தல. "நம்ம நசீமு தான, வரச் சொல்லு"ன்னு பெரிய மனசு பண்ணிச் சொன்னாரு. காலையில கெளம்பிப் போய்ப் பொழுது சாஞ்சு வருவான். வந்தா பேச்சுக் கெடையாது. ஒரு சொல்லாச்சும் திட்டினாத் தேவலைன்னு சுமையா ஏங்கினா. "உங்க வாயில மண்ணா இருக்கு? என்னையத் திட்டித் தொலையுங்க மச்சான்"னு ஒரு நாள் கத்தியே விட்டா. "உன்னைய எதுக்குத் திட்ட? நீ நெசத்தைத்தான காட்டின"ன்னுட்டுத் துண்டை எடுத்துக்கிட்டுக் குளிக்கப் போயிட்டான்.

மேப்புல சீனிச்சாமி கடைப் புள்ளி மாசா மாசம் பெருத்துக்கிட்டே போச்சு. நவாஸ் அதைக் கலர்ல பிரிண்ட் எடுத்து முதலாளி ரூம்புல மாட்டினான்.

வெள்ளிக்கிழமை ஒண்ணுல ஜும்மா தொழுதுட்டுச் சாப்பிட வந்தவன், தட்டுல கை வச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தான்.

"என்ன மச்சான்?"

"நேத்து அன்னத்தாயக்கா இறங்கி நம்ம சீனிச்சாமி அண்ணன் கடைக்கு வந்தாக."

சுமையா கரண்டியைக் கீழ வச்சா. "என்ன சொன்னாக?"

"என்னத்தச் சொல்ல. பஸ்ஸுல ஒரு மூட்டைக்கு மேல ஏத்த விட மாட்டேங்குறானாம். எஸ்டேட்டு வரைக்கும் பஸ்ஸு போறதும் இல்ல. இறங்கித் தலையில வச்சு நடக்கணும். கடையை மூடிட்டுத் தேயிலை பறிக்கப் போயிரலாம்னு இருக்காகளாம். மூட்டையைத் தூக்கித் தலையில வைடான்னாக. வச்சேன்."

"நர்ஸுக்குப் படிக்கிற புள்ள?"

"நின்னுருச்சாம்."

அப்புறம் அவதான் கேட்டா, கேக்கக் கூடாதுன்னு தெரிஞ்சே கேட்டா. "என்னையப் பத்தி எதுவும் கேட்டாகளா?"

"கேட்டாக. அந்தப் புள்ளைகிட்டச் சொன்னா முதலாளிகிட்டப் பேசி மறுபடி ஜீப்பை விடச் சொல்லாதான்னு கேட்டாக."

"நீங்க என்ன சொன்னீக?"

நசீம் அவளை நிமுந்து பாக்கல. "நீ அந்த வேலையை அப்பவே விட்டுட்டன்னு சொல்லிட்டேன். அவுககிட்ட வேற என்ன புள்ள சொல்லச் சொல்ற?"

சோறு ஆறிப் போயிருந்துச்சு. அவன் தட்டுல கையைக் கழுவிட்டு மூட்டை தூக்கக் கெளம்பினான். ரெண்டரைக்கு ஆபீஸ் தொறப்பாக. அவளும் முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டுக் கெளம்பினா.